மிச்சக் குளிசைகள்

வெளிநாட்டு நகரம் ஒன்றில், லாசால் பகுதிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள் இருந்தார்கள். யன்னலோரம் இருந்த இளையவள் திடீரென்று சொன்னாள்:

“குடலுக்குள்ள இருக்கிற கிருமி என்ரை தங்கச்சியின்ரை இரத்தத்துக்குள்ள போயிட்டுதாம், அக்கா.”

“அது எப்பிடி அங்கை போகும்?”

“முதல் சலம் போக எரிஞ்சது. பேந்து நாரி நோ, இடுப்பு நிமித்தேலாமல் கிடந்தாள். இப்ப ஆஸ்பத்திரியில ஏத்துற எந்த மருந்துக்கும் கேக்குதில்லையாம்.”

“முந்தியும் கிருமிக்கு விழுங்கக் குளிசை குடுத்தவையெல்லே?”

“ஓம். ஒவ்வொருக்காலும் எரிவு நிண்ட உடனை விட்டிடுவாள். மிச்சத்தை அம்மாவுக்குப் பார்சலில அனுப்புவாள். ஊர் ஆஸ்பத்திரியில மருந்தில்லைத்தானே.”

“டொக்டர் கேக்கேல்லையே?”

“கேட்டவர். முழுக்கக் குடிச்சவள் எண்டு சொல்லிப்போட்டன்.”

“உண்மை தெரியாமல் அந்த மனுசன் என்னெண்டு மருந்து பாக்கிறது?”

“எங்கடை அகதி வழக்கு இன்னும் முடியேல்லை, அக்கா. அரசாங்கம் தந்த மருந்தை அனுப்பினது தெரிஞ்சால் எங்களைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்.”

ஆஸ்பத்திரிக் கட்டடம் தெரிந்தது. இளையவள் அசையவில்லை. மூத்தவள் எட்டி மணிக்கயிற்றை இழுத்தாள்.

“எழும்பு. அவள் முழுக்கக் குடிக்கேல்லை, மிச்சத்தை அனுப்பினது நான்தான் எண்டு டொக்டரிட்டை நான் சொல்லுறன். என்ரை வழக்கு வெண்டு முடிஞ்சுது.”