தாடையில் இரண்டு கோடு

— அக்கா, அதை மூடாதீங்க. அதைக் காட்டத்தான் நான் டிவிக்கே வந்திருக்கேன்.

— அடடா. கைப்பழக்கம், கண்ணு. முகத்துல கறுப்பா எது தெரிஞ்சாலும் என் கை தானா போய் பவுடரைப் பூசிடும். இரு, துடைச்சு விடுறேன்.

— மெதுவாக்கா.

— வலிக்குதா?

— இல்லை. மிச்சம் மீதி இருக்கிறதும் போயிடப் போகுது.

— துடைச்சாச்சு. கண்ணாடியைப் பாரு.

— எங்கக்கா?

— அதைத்தான் நானும் கேக்குறேன், எங்க? லேசா மஞ்சளா ஒண்ணு தெரியுது. ராத்திரி சரியா தூங்கலைன்னாலும் அப்படித்தான் தெரியும்.

— லத்தி அடிக்கா. தாடையில ஆரம்பிச்சு கழுத்து வரைக்கும். உள்ள இருந்தப்போ பக்கெட் தண்ணியில முகத்தைப் பார்ப்பேன். கன்னங்கரேல்னு இருந்துச்சு.

— அப்பவே போட்டோ எடுத்து வச்சிருக்கலாமே.

— போனைப் பிடுங்கி வச்சுட்டாங்க. லாக்கப்புல செல்ஃபி எடுக்கணும்னு எனக்கும் தோணலை.

— சரி, சாஞ்சு உட்காரு. நிகழ்ச்சிக்காரர் சொல்லிட்டுப் போயிருக்கார், அடி பளிச்சுன்னு தெரியணுமாம். தெரியலைன்னா உன்னை எதுக்குக் கூப்பிட்டோம்னு கேக்குறார். நான் வரைஞ்சு விடுறேன்.

— வரையறதா? அது பொய்யாயிடாது?

— உனக்கு விழுந்த அடிதானே. அடுத்தவன் அடியையா எடுத்து ஒட்டுறேன்? உதிர்ந்த புருவத்தைத் தீட்டிக்கிறதில்லையா, அந்த மாதிரி. பேசாம இரு, தாடை ஆடுது.

— என்னம்மா, நம்ம நாற்காலி காலியா?

— வாங்க சார். வாராவாரம் உட்காருறீங்க, உங்க பேரையே எழுதி வச்சிடலாம். கண்ணு, இவர் போலீஸ்ல பெரிய அதிகாரியா இருந்து ரிட்டயர் ஆனவர். இன்னிக்கு உனக்கு எதிர்ப்பக்கம் பேசப் போறவர்.

— வணக்கம் சார்.

— வணக்கம், வணக்கம். எதுக்குத் தம்பி எழுந்திருக்கீங்க, உட்காருங்க.

— தெரியாம எழுந்துட்டேன் சார். இப்பல்லாம் காலு தானா எழுந்துடுது.

— என்னம்மா இன்னிக்குத் தலைப்பு?

— 'காவல்துறையின் கை: ஓங்குகிறதா, ஓய்கிறதா?'

— போன வாரம்?

— 'லத்தி: தேவையா, தொல்லையா?'

— நான் என்ன சொன்னேன்?

— தேவைன்னீங்க.

— அப்ப இன்னிக்கு ஓயுதுன்னு சொல்லணும். பாருங்க, முப்பது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு பேசினதில்லை. கண்ணுக்குக் கீழ பை தொங்குது, கொஞ்சம் கவனிங்க. தம்பி என்ன தொழில்?

— பிளம்பர் சார். நானும் மச்சினனும் சேர்ந்துதான் வேலைக்குப் போவோம். பொண்டாட்டியோட தம்பி அவன். ஒரு வீட்டுல சமையலறைக் குழாய் ஒழுகுதுன்னு போனோம். ஒழுகல் நின்னுச்சு. மறுநாள் அந்த வீட்டம்மாவோட வளையலைக் காணோம். எங்க ரெண்டு பேரையும் தூக்கிட்டாங்க. ஒரே ரூம், ஒரே லத்தி. அவனுக்கு விழும்போது நான் பார்ப்பேன், எனக்கு விழும்போது அவன்.

— வளையல்?

— அவங்க பீரோவுலயே புடவைக்கு அடியில இருந்திருக்கு. சேதி வந்ததும் அடி நின்னுச்சு சார், சத்தியமா. ஆனா ஆளை விடலை. சும்மாவே உட்கார வச்சிருந்தாங்க. முந்தாநாள்தான் விட்டாங்க, அதுவும் என்னை மட்டும்.

— மச்சினன்?

— உள்ளதான் இருக்கான். விசாரணை முடியலையாம். வளையலே கிடைச்சாச்சு, இன்னும் எதை சார் விசாரிக்கிறாங்க?

— பாருங்க, நான் இப்ப சர்வீஸ்ல இல்லை.

— கண்ணு, கோடு கோணலாகுது. அப்புறம் பேசு.

— அக்கா, நான் பேசியே ஆகணும், வீட்டுல யாரும் பேசுறதில்லை. கதவைத் திறந்த பொண்டாட்டி என்னைப் பார்க்கலை சார், எனக்குப் பின்னாடி பார்த்தா. தம்பி வர்றானான்னு. வரலைன்னதும், 'உன்னை மட்டும் ஏன் விட்டாங்க?' அவ்வளவுதான் கேட்டா. அதோட பேச்சு நின்னுச்சு. கடைப்பக்கம் போனா அங்க நிக்கிறவங்களும் பேச்சை நிறுத்திக்கிறாங்க. நான் அவனைக் காட்டிக் கொடுத்துட்டு வந்துட்டேனாம். இனிமே போலீசுக்கு நான்தான் ஒற்றனாம். மாமியார் என் முகத்தைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு அழறாங்க. மருமகன் முகத்துல அடியே இல்லையேன்னு அழற மாமியாரை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க.

— உடம்புல வேற எங்கயும் இல்லையா, கண்ணு?

— உடம்பு பூரா வலி இருக்கு. அதை யாருக்கு எப்படிக் காட்டுறது? அதான் டிவியில கூப்பிட்டதும் சரின்னேன். வீட்டுல எல்லாரும் பார்ப்பாங்க. நான் ஒண்ணும் பேச வேண்டாம், அடி தெரிஞ்சா போதும்.

— பேசவும் முடியாது. வக்கீல் ஒருத்தர், கட்சிக்காரர் ரெண்டு பேர், நம்ம சார். இவங்க கத்தி முடிச்சு உன் பக்கம் கேமரா திரும்புறதுக்குள்ள விளம்பரம் போட்டுடுவாங்க.

— அம்மா, அது அப்படி இருக்காது.

— எது சார்?

— ஒரே பட்டையா கறுப்பைத் தீட்டுறீங்க. படியில வழுக்கி விழுந்தவன் மாதிரி இருக்கு. லத்தி பட்டா ரெண்டு கோடு விழும், பக்கத்துப் பக்கத்துல. நடுவுல வெளுத்திருக்கும்.

— இப்படியா?

— இன்னும் நெருக்கி. கழுத்துப் பக்கம் அழுத்தமா வரட்டும், அங்கதான் நுனி பட்டிருக்கு. ஓரத்துல லேசா பச்சை தடவுங்க. பாருங்க, இப்ப சரி.

— சார், அப்படியே இருக்கு. பக்கெட் தண்ணியில நான் பார்த்தது இதேதான்.

— பார்த்துப் பார்த்துப் பழக்கம். அதாவது, பாடப் புத்தகத்துல.

— இவ்வளவு தெரிஞ்ச நீங்க, அங்க எனக்காக ரெண்டு வார்த்தை சொன்னா என்ன சார்?

— அங்க நான் வேற ஆள், தம்பி. லைட்டு எரிஞ்சதும் நான் உங்களை ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப் போறேன். 'கைக்குட்டையை எடுத்துத் தாடையைத் துடைங்க.'

— நல்லா இருக்கு சார். நீங்களே சொல்லிக் கொடுத்து வரைய வச்சுட்டு?

— அதுக்காகத் தப்பா வரையறதைப் பார்த்துக்கிட்டு உட்கார முடியுமாம்மா? கண்ணை உறுத்துது.

— சார், துடைச்சா வண்ணம் வந்துடும். ஊரே பார்க்கும். அடி வாங்கினதே நடிப்புன்னு ஆயிடும். அப்புறம் உள்ள இருக்கிறவன் சொல்றதை யார் நம்புவா?

— ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அதான் முன்கூட்டியே சொல்றேன். சொல்லக் கூடாது. என்னவோ இன்னிக்கு முடியலை, தம்பி. அலுப்பா இருக்கு.

— அக்கா, எடுத்துடுங்க.

— நிகழ்ச்சிக்காரர் என்னைத்தான் திட்டுவார்.

— பைப்புல நான் போட்ட ஒட்டு நிக்காதுன்னு தெரிஞ்சா, தண்ணி திறக்கிறதுக்கு முன்னாடி பிரிச்சிடுவேன்கா. எடுத்துடுங்க.

— எடுத்தா ஒண்ணுமே இருக்காது, கண்ணு. உன் பொண்டாட்டி பார்ப்பா.

— தெரியும்.

— உன் இஷ்டம். இந்தா, நல்லா துடைச்சாச்சு. மஞ்சள்கூட இல்லை. மாப்பிள்ளைக் கோலத்துல இருக்க.

— சார், ஒண்ணு கேக்கலாமா? டிவிக்கு இல்லை, வீட்டுல சொல்றதுக்கு. ஒரே கேஸ், ஒரே அடி. நான் யாரையும் காட்டிக் கொடுக்கலை, யாருக்கும் லஞ்சமும் குடுக்கலை. அப்புறம் ஏன் சார் என்னை மட்டும் விட்டாங்க?

— கண்ணாடியைப் பாருங்க.

— பார்த்துட்டேன். முகத்துல ஒண்ணுமே இல்லையே சார்.

— அதான். உங்களுக்குச் சீக்கிரம் ஆறிடுச்சு.