கியாசுதீன் சார் சொன்ன ‘நல்லா இருக்குதுங்க’

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் உமாபதி ஐயா அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடிவந்திருக்கும் முன்னாள் மாணவ மாணவியரே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் சாரின் மகன் தம்பி சுபியான் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்த கம்பெனியின் மனிதவள மேலாளர் விமல்ராஜ் சார் அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் கண்ணீர் வணக்கம்.

இந்த மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். காலம் முழுக்க மைதானத்தில் கத்திய உடற்கல்வி ஆசிரியைக்கு மைக் எதற்கு? “செல்லி டீச்சர் விசில் ஊதாம கூப்ட்டாலே ஐயம்பேட்டையில பஸ்ஸு நின்னுடும்பா” என்று கியாசுதீன் சார் கேலி செய்வார். கண்ணாடியை மட்டும் போட்டுக்கொள்கிறேன். பின்வரிசை முகங்களைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

போய்விட்டாரே! சென்ற வாரம்வரை இந்தப் பள்ளியின் தொழிற்கல்வி ஆசிரியராக இருந்த மனிதர், கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்று பிள்ளைகளை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்ட மனிதர், மாரடைப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவே இல்லையே! நம்ப முடிகிறதா உங்களால்? என்னால் முடியவில்லை. காலையில் கேட்டைத் தாண்டும்போது இன்னும் அந்த மரத்தைத்தான் பார்க்கிறேன்.

இதுவரை பேசியவர்கள் அவரைப் பழக இனியவர் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழக இனியவரா? கியாசுதீன் சாரா? ஆசிரியர் அறையில் யாராவது லட்டு நீட்டினால், எதற்கு என்று கேட்காமல் வாயில் போடமாட்டார்! எனக்குச் சம்பள உயர்வு வந்தபோதுகூட, “எதுக்கும் இன்னொரு தடவ ஆர்டரப் படிங்க டீச்சர்” என்றார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சந்தேக சார். அது அவருக்கும் தெரியும். தெரிந்தே பெருமைப்பட்டுக்கொண்டார்.

பட்டு எடுக்கும்போது ஜரிகையை நகத்தால் சுரண்டி, அசல்தானா, உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்க்கிற ஊர் இது. புடவைக்கு நாம் செய்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் செய்தார். அதில் என்ன தப்பு?

விஷயத்துக்கு வருகிறேன். கார்களுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் இந்தக் கம்பெனி போன வருடம் பூங்கொத்தோடும் புரொஜெக்டரோடும் நம் பள்ளிக்கு வந்தது. தொழிற்கல்விப் பிரிவுப் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள் தொழிற்சாலைக்குப் போய், வேலை நடக்கும் இடத்திலேயே வேலை கற்கலாம். மற்ற நாட்களில் வகுப்பு. படிப்பு முடியும்போது கையில் ஒரு தொழில் இருக்கும். நல்ல திட்டம். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்! கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவர் ஒருவர் மட்டும் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டார்.

“ஒரு நாள் எங்க பிள்ளைங்க வரலன்னா, உங்க லைன் ஓடுமா, ஓடாதா?”

புரொஜெக்டர் போட்டவர் சிரித்துக்கொண்டே, “தாராளமா ஓடும் சார், அவங்க கத்துக்கத்தானே வர்றாங்க” என்றார். அந்தப் பதிலை சார் மறக்கவில்லை. பிள்ளைகள் இல்லாமலும் வேலை ஓடினால் அவர்கள் அங்கே மாணவர்கள். அவர்கள் இல்லாமல் வேலை நின்றுபோனால் அவர்கள் அங்கே கூலிகள். அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

பிள்ளைகள் போய்வந்தார்கள். ஒவ்வொரு முறையும் வேப்பமரத்தடியில் விசாரணை. அவர் என்ன கேட்பார்? இன்னா பண்ணே என்று கேட்கமாட்டார். “இன்னிக்கு இன்னா கத்துக்கினே?” என்று கேட்பார். கூரத்திலிருந்து வருகிற ஜெயப்ரியா, அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாள், அப்போது பிளஸ் ஒன் சேர்ந்த புதிது. “கிளிப்பு மாட்னேன் சார்” என்றாள். அடுத்த வாரமும் கிளிப்பு மாட்னேன் சார். அதற்கடுத்த வாரமும் அதே கிளிப்பு. சாருக்கு முகம் சிவந்துவிட்டது. “கிளிப்பு மாட்ட ஒரு பொழுது போதாதாம்மா? ரெண்டு வருஷம் படிக்கிற படிப்பா அது?”

மறுவாரம் என்ன செய்தார் தெரியுமா? கம்பெனி பஸ் வந்து நின்றது. ஒரு பிள்ளையையும் ஏற்றவில்லை. “இன்னிக்கு அல்லாரும் கிளாசுக்குப் போங்கப்பா” என்று திருப்பி அனுப்பிவிட்டு ஆசிரியர் அறையில் வந்து உட்கார்ந்துகொண்டார். தலைமையாசிரியர் பதறினார். நானும் பதறினேன். சார் மட்டும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மணி அடிப்பதற்குள் அது அலறியது. “சார், பசங்க எங்க சார்? லைன் நின்னுப்போச்சு சார்!”

கியாசுதீன் சார் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். பிறகு தேன் ஒழுகுகிற குரலில் சொன்னார்: “அப்படீங்களா? ரொம்ப நல்லா இருக்குதுங்க.”

அன்று மாலையே தொழிற்சாலைக்குப் போனார். லைனில் நின்ற பிள்ளைகளை இறக்கித் தனி மேசையில் உட்கார வைக்கும்வரை, சொல்லிக்கொடுக்க ஓர் ஆளை நியமிக்கும்வரை அவர் விடவில்லை. பிறகு இந்த ஜெயப்ரியா என்ன ஆனாள்? ஒயரிங் படத்தைப் பார்த்து எந்த ஒயர் எங்கே போகிறது என்று சொல்லக் கற்றாள். நம் பள்ளி மோட்டார் அறையை எட்டிப் பார்த்து, “சார், இதுல எர்த் இல்ல” என்று சொன்னாள். இப்போது டிப்ளமா படிக்கப் போகிறேன் என்கிறாள். கம்பெனியால் அவளுக்கு நன்மையே நடக்கவில்லை என்று நான் சொன்னேனா? நடந்தது. ஆனால் தானாக நடக்கவில்லை, ஒருவர் சந்தேகப்பட்டதால் நடந்தது.

அவர் கம்பெனிக்காரர்களை மட்டும்தான் சந்தேகப்பட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். சொந்த மைத்துனர் பட்டுக்கடை வைத்திருக்கிறார். “மச்சான், பிள்ளைங்கள கடைக்கு அனுப்பு, வியாபாரம் கத்துக்கட்டும்” என்று வந்தார். எந்த மாதம்? தீபாவளி வருகிற மாதம்! “ஐப்பசியில மட்டும் வர்ற படிப்பு எங்க ஸ்கூல்ல இல்ல மச்சான்” என்று டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த மைத்துனரும் இங்கே வந்திருக்கிறார். சிரிக்கிறார், பாருங்கள். சிரித்துக்கொண்டே அழுகிறார்.

இப்போது என் சந்தேகத்தைச் சொல்கிறேன். சார் போன பிறகு எனக்கும் அந்த நோய் தொற்றிக்கொண்டுவிட்டது.

எனக்குப் பின்னால் இருக்கும் பேனரைப் பாருங்கள். அடக்கம் செய்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் இவ்வளவு பெரிய பேனரா? பள்ளி அடிக்கவில்லை, கேட்டுவிட்டேன். கம்பெனி அடித்தது. அதில் கியாசுதீன் சார் கம்பெனிச் சின்னம் போட்ட தொப்பியோடு சிரிக்கிறார். தொழுகைக்குப் போகும்போது தவிர அவரைத் தொப்பியோடு யாராவது பார்த்திருக்கிறீர்களா? தொழிற்சாலைக்குள் பாதுகாப்புக்காகக் கட்டாயம் போடச் சொன்ன தொப்பி அது. உள்ளே போட்டார், வெளியே வந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டார். எத்தனையோ படங்கள் இருக்க இந்தப் படம் ஏன்?

பேனரின் கீழே நிகழ்ச்சி நிரல் இருக்கிறது. என் பேச்சுக்குப் பிறகு ‘கியாசுதீன் நினைவு ஒப்பந்தம் கையெழுத்து’. அதற்குப் பிறகுதான் மௌன அஞ்சலி. இரங்கல் கூட்டத்தில் கையெழுத்தா? அதுவும் அஞ்சலிக்கு முன்னாலா?

அந்த ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று விமல்ராஜ் சாரே சற்றுமுன் சொன்னார். சார் பெயரில் ஒரு திறன் மையம். சந்தோஷம். வாரத்தில் இரண்டு நாள் என்பது ஐந்து நாளாகும். வகுப்புகள் தொழிற்சாலைக்கு உள்ளேயே நடக்கும். எப்போது நடக்கும்? வேலைக்கு இடையூறு இல்லாத நேரத்தில்! இந்த ஜெயப்ரியா பொதுத்தேர்வுக்கு எப்போது படிப்பாள்? மறுபடியும் கிளிப்பா?

நாங்கள் முகம் சுளித்ததும் அவர் ஒன்று சொன்னார், கேட்டீர்களே: “சார் டிராஃப்ட் ஃபுல்லா படிச்சாருங்க. படிச்சிட்டு ‘ரொம்ப நல்லா இருக்குதுங்க’ன்னு சொன்னாரு. அதான் அவர் எங்கிட்ட சொன்ன லாஸ்ட் வார்த்தை. இது அவரோட கனவு.” முன்வரிசை கைதட்டியது. பின்வரிசையில் அவரிடம் படித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

நேற்று சாரின் மனைவி ஜோஹரா அக்காவைப் பார்க்கப் போனேன். கணவரை இழந்தவர்கள் வீட்டிலேயே இருக்கும் இத்தாவில் இருப்பதால் அவர் இங்கே வர முடியவில்லை. சுபியானிடம் கம்பெனிக்காரர்கள் வந்து இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்களாம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “டீச்சர், சாப்பாடு புடிச்சா அவுரு ஒண்ணுமே சொல்லமாட்டாரு, தட்டத்தான் நீட்டுவாரு. ‘ரொம்ப நல்லா இருக்குது’ன்னாருன்னா, குழம்புல உப்பு ஜாஸ்தின்னு அர்த்தம். இத்தினி வருஷம் குடும்பம் பண்ண எனக்குத் தெரியாதா?” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன்.

விமல்ராஜ் சார், நீங்கள் வெளியூர். எங்கள் ஊரில் ஷேர் ஆட்டோக்காரர் வாசலை அடைத்து வண்டியை நிறுத்தினால் நாங்கள் என்ன சொல்வோம்? ரொம்ப நல்லா இருக்குதுப்பா! கடன் வாங்கியவன் நம் முன்னாலேயே புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனால்? நல்லா இருக்குதுப்பா உன் நியாயம்! ஒன்றே ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். அந்த வார்த்தையைச் சொன்னபோது சார் கண்ணாடியைக் கழற்றினாரா?

ஆமாம் என்று தலையாட்டுகிறார். சட்டை நுனியில் துடைத்தாரா? துடைத்தாராம்! பின்வரிசையில் சிரிப்பைக் கொஞ்சம் அடக்குங்கள். இது இரங்கல் கூட்டம்.

நீங்கள் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் அந்தத் தப்பு உங்கள் கம்பெனிக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது, அதுதான் எனக்கு உறுத்துகிறது. உயிரோடு இருந்தவரை ஒத்துக்கொள்ளாத மனிதரை, இறந்த பிறகு ஒத்துக்கொள்ள வைக்கலாமா? அவர் பெயரை வாசலில் எழுதிவிட்டு, அவர் இறக்கிவிட்ட பிள்ளைகளை மறுபடியும் லைனில் ஏற்றலாமா? வயிறு எரிகிறது எனக்கு!

பெற்றோர்களே, உங்கள் முன்னால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளையிலிருந்து அந்த வேப்பமரத்தடியில் இந்தச் செல்லியம்மாள் நிற்பாள். பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு பிள்ளையையும் மடக்கி, இன்னிக்கு இன்னா கத்துக்கினே என்று கேட்பாள். கிளிப்பு என்று பதில் வந்தால் அடுத்த பஸ்ஸில் நான் ஏறுவேன். நான் ஓய்வு பெற்ற பிறகு நிற்க ஆள் வேண்டும். பின்வரிசையில் இருப்பவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். நல்ல கம்பெனி என்றால் நம் கேள்விக்குப் பயப்படாது.

கையெழுத்துக்கு முன்னால் சாரின் கேள்வியைச் சார் இடத்திலிருந்து நானே கேட்டுவிடுகிறேன். விமல்ராஜ் சார், இந்தப் புது ஒப்பந்தப்படி ஐந்து நாளும் எங்கள் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு நாள் வரவில்லை. உங்க லைன் ஓடுமா, ஓடாதா?

மைக்கில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும். என்ன? “அது ஆர்டரப் பொறுத்தது மேடம்” என்கிறார்.

இதோ, கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். துப்பட்டா நுனியில் துடைக்கிறேன்.

ரொம்ப நல்லா இருக்குதுங்க, விமல்ராஜ் சார்.

நிகழ்ச்சி நிரலை நான் மாற்றுகிறேன். மௌன அஞ்சலி இப்போது. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். தலைமையாசிரியர் ஐயா, அந்தப் பேனாவை மூடி வைத்துவிட்டு நீங்களும் எழுந்திருங்கள்.