கண்களில் ஆறாத சோகம்

அடையாறிலிருந்து ராயப்பேட்டை போகும் பஸ். என் முன் சீட்டில் இரண்டு திருநங்கைகள். அந்தக் காலத்துத் திருநங்கைகளின் போட்டோக் கண்காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஜன்னலோரம் இருந்த மூத்தவர் நரைத்த கொண்டையில் கனகாம்பரம் வைத்திருந்தார். கொதித்துக்கொண்டிருந்தார்.

"என் போட்டோவுக்குக் கீழ இன்னா எழுதிகீறாங்க பாத்தியா? 'கண்களில் ஆறாத சோகம்'னு!"

"நெசமாவே மூஞ்சி சோகமாத்தான்க்கா இருந்துச்சு."

"கோடம்பாக்கம் ஸ்டூடியோவுல எடுத்ததுடி. பட்டுப்புடவை, ஒட்டியாணம் எல்லாம் சினிமாவுக்கு வாடகை விடுற கடையில வாங்கினது. ஜாக்கெட்டு தொளதொளன்னு கீதுன்னு ஸ்டூடியோக்காரன் முதுகுல ஊக்கு போட்டு இழுத்துட்டான். அது குத்திக்கினே கீது, அவன் 'சிரிம்மா, சிரிம்மா'ன்றான்."

"அதை அங்க நின்னுக்கினு இருந்த கண்காட்சிக்காரப் பொண்ணாண்ட சொல்றதுதானே?"

"சொன்னேனே. அது நான்தாம்மான்னேன். 'இங்க வர்ற எல்லா ஆன்ட்டியும் அப்படித்தான் சொல்றாங்க. இவங்க யாருன்னே தெரியலை, நாங்க எங்கெங்கயோ தேடிட்டோம்'னுச்சு. நான் ராயப்பேட்டையிலதான் கீறேன், இவங்க எங்க போய்த் தேடுனாங்களோ!"

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? கண்ணைத் தொடச்சிக்கினு, 'இவங்களோட என்னை ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க ஆன்ட்டி'ன்னு அது போனை என் கையிலயே குடுத்துச்சு."

"எடுத்தியாக்கா?"

"எடுத்தேன். அவளைக் கழுத்துக்கு மேல வெட்டிட்டேன். நான் மட்டும் கொண்டையிலேர்ந்து ஒட்டியாணம் வரைக்கும் முழுசா விழுந்துகீறேன்."