அவள் அடைத்த காற்றுவழி

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் திருமதி வின்சம் ஹார்க்னெஸ் அவர்களே, டார்வினில் புறப்பட்டு அடிலெய்டு வரை மூவாயிரம் கிலோமீட்டரை வெயிலை மட்டுமே விறகாக்கி வென்று வந்திருக்கும் மாணவ மணிகளே, ஆறு நாளும் அலைபேசியும் கையுமாக அலமந்து கிடந்த அன்னையரே, அதைவிட அதிகம் அலமந்துவிட்டு வெளியே காட்டிக்கொள்ளாத அப்பாமார்களே, இந்தப் பழைய லாரிக்காரனின் பணிவான வணக்கம்.

என் பெயர் டெஸ் மக்கில்விரே. அந்தப் பாலைச் சாலையில் முப்பத்தோரு வருடம் மூன்று பெட்டி கோத்த லாரி ஓட்டியவன். கங்காரு குறுக்கே பாய்ந்தபோது கலங்கவில்லை, வெள்ளம் வழிமறித்தபோது வெலவெலக்கவில்லை. இந்த மேடையில் ஏறத்தான் மூன்று முறை யோசித்தேன். சிரிக்காதீர்கள் ஐயா, கூச்சத்தால் அல்ல.

இந்த ஆண்டு சூரிய வண்டிப் பந்தயத்தில் ஒரு குழுவுக்கு நான் கண்காணிப்பாளர். சூரிய வண்டிக்குப் பின்னால் வரும் வேனில் உட்கார வேண்டும், பார்க்க வேண்டும், பந்தயத்தில் தலையிடக் கூடாது. அந்த வேனுக்குள் நான்கு திரைகள், முந்நூறு எண்கள். பேட்டரியின் சூடு தெரியும், மோட்டாரின் மூச்சு தெரியும், டயரின் காற்று தெரியும். வண்டிக்குள் இருந்தவள் பிரான்டி கெல்லவே, இருபது வயதுப் பெண். அவளைப் பற்றி ஓர் எண் உண்டா? இல்லை.

நான்காம் நாள், கூபர் பீடி என்ற ஊருக்கு வடக்கே, நாற்பத்து மூன்று டிகிரி வெயில். முன்னால் போகும் குழுவுக்கும் இவர்களுக்கும் பதினான்கு நிமிட இடைவெளி. அன்று காலை, கணக்குப் போடும் ஃபெர்கஸ் டிண்டேல் அவள் காதுபடவே அலுத்துக்கொண்டான்: "இன்னும் கொஞ்சம் வாட் கரன்ட் மிச்சம் புடிச்சா போதும்டா, அவங்களைத் தூக்கிடலாம்." அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டிக்குள் இறங்கினாள்.

மதியம் ஒன்றரைக்குத் திரையில் மின்செலவு சடாரென்று குறைந்தது. வேனுக்குள் ஒரே கொண்டாட்டம்.

"டயர்ல நான் சொன்ன காத்துதான்டா வேலை செய்யுது," என்றான் ஃபெர்கஸ்.

"போடா, பின்காத்து அடிக்குது. உன் கணக்கு என்னிக்கு பலிச்சிருக்கு?" என்றாள் வேன் ஓட்டிய டார்சி. "என்ன பெரிசு, நீங்களே சொல்லுங்க."

பெரிசு என்ன செய்தான் தெரியுமா? கை தட்டினான். ஆமாம், தாய்மார்களே, நானும் தட்டினேன்.

பிரான்டி முன்பு போலக் கலகலப்பாக இல்லையே என்று ஃபெர்கஸ் ரேடியோவில் சீண்டினான். "ஏய் பிரான்டி, உன் ஃபுட்டி டீம் இந்த வருஷமும் கடைசிதானாமே. பேசாம கலைச்சிட்டுப் போகச் சொல்லு."

அந்தக் கால்பந்து அணியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்பவள் அவள். அன்று வந்த பதில் ஒன்றே ஒன்று.

"சரி."

சரியாம்! வெயில் தலைக்கேறிய ஓட்டுநர்கள் இப்படித்தான் ஒற்றை வார்த்தையில் பேசுவார்கள். ஃபெர்கஸ் சிரித்தான். "பாத்தீங்களா பெரிசு, ஒத்துக்கிட்டா."

பந்தய விதியாவது வெங்காயமாவது என்று ரேடியோவைப் பிடுங்கினேன். "பிரான்டி, நான் டெஸ் பேசறேன்மா. பிரேக்கை மிதி. மெதுவா ஓரங்கட்டு."

"எந்த ஓரம்?" என்றாள். குரல் குழறியது. வண்டி சாலையின் நடுவிலேயே உருண்டு உருண்டு நின்றது.

ஓடிப்போய் மேல்மூடியைத் தூக்கினோம். அடுப்பைத் திறந்தது போல் அனல். முகம் சிவந்திருந்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. முகத்துக்கு நேரே காற்று வரும் ஓட்டை இருக்கிறதல்லவா? அதன் மேல் நான்கு ஒட்டுநாடாக்கள், உள்ளிருந்து, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டப்பட்டிருந்தன. காற்று உள்ளே வந்தால் வண்டியின் வேகத்தை இழுக்குமாம். அதனால் அவளே அடைத்துவிட்டாள். திரையில் நாங்கள் பார்த்து மகிழ்ந்தோமே ஒரு மிச்சம், அது டயர் தந்ததா? பின்காற்று தந்ததா? அந்தப் பெண்ணின் மூச்சு தந்தது, ஐயா. அவளுக்கு மூச்சு முட்ட முட்ட நாங்கள் கை தட்டியிருக்கிறோம். தண்ணீரை ஊற்றி ஊற்றி, வேனில் கிடத்தி, மருத்துவ நிலையத்துக்கு விரட்டினோம். வழியில் அவளுக்கு நினைவு தப்பியது.

என்ன தம்பி, மூன்றாவது வரிசை? உரக்கச் சொல், கேட்கவில்லை.

"எத்தனை வாட் மிச்சமாச்சு சார்?"

அம்மா தாயே. அவையோரே, கேட்டீர்களா? இந்தத் தம்பியைத் திட்டாதீர்கள். மேடைக்கு வரும் வழியில் வேறு இரண்டு குழுக்காரர்கள் இதையேதான் கேட்டார்கள். அவர்களுக்கு எத்தனை வாட் என்ற எண்ணையும் சொல்லித் தொலைத்தேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அறிவில் அடுத்தவர்க்கு இளைத்தவர்களா இந்தப் பிள்ளைகள்? இல்லை. அன்பில் குறைந்தவர்களா? அதுவும் இல்லை. நாம் எதைக் கேட்டுக் கேட்டு வளர்த்தோமோ அதைத்தானே அவர்களும் கேட்கிறார்கள்? எத்தனை மதிப்பெண், எத்தனையாவது இடம், எத்தனை நிமிடம்! கேட்டது நான், கேட்டது நீங்கள், கேட்டது நாம் எல்லோரும்.

அந்த எண்ணை இனி யாருக்கும் சொல்லமாட்டேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அதை ஒருவரும் கேட்கவில்லை. பரவாயில்லை, நானே பதில் சொல்கிறேன். பிரான்டி பிழைத்துவிட்டாள். இதே ஊர் மருத்துவமனையில், மூன்றாம் மாடியில் இருக்கிறாள். நாளைக் காலை பத்து மணிக்குப் பார்க்க விடுவார்கள்.

பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், கண் கலங்கிய தாய்மாருக்கும், தலை குனிந்து நிற்கும் அந்தத் தம்பிக்கும் நன்றி. தம்பி, பத்து மணிக்கு நான் மருத்துவமனை வாசலில் நிற்பேன், நீயும் வா. வணக்கம்.