அத்தா சொன்ன கதை

எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் படகில் இருபது பேருக்குத்தான் இடம். இருபத்தேழு பேர் இருந்தோம். எதிரே, சினிமா பார்த்துவிட்டு வந்த அண்ணனும் தம்பியும், தங்கள் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டு.

“அத்தா சொன்ன கதையில, கூலிக்குக் கொல்ல வந்தவன் சுடவே மாட்டானே அண்ணே.”

“சின்ன வயசுல அத்தா நம்மளக் கூட்டிட்டுப் போன இந்திப் படத்துலயும் சுட்டான்டா. அதையேதான் இப்போ தமிழ்ல எடுத்திருக்கான்.”

“சேட்டோட சரக்குப் பாண்டியாலையில வேலை பார்த்த அத்தாவுக்கு இந்தி தெரியாதா? வெடி கேட்டதும் என் கண்ணைப் பொத்தி, ‘வானத்தைப் பார்த்துச் சுட்டான், பாவம், நல்லவன்’னு காதுல சொன்னாரே.”

“நீ அழுதியே, அதான்.”

“உனக்கு அப்பவே தெரியுமா?”

“எனக்கு இந்தி தெரியாது. என் கண்ணை யாரும் பொத்தலை.”

படகு கரையைத் தொட்டது. தம்பி எழவில்லை.

“அத்தா மவுத்தாகிப் போன பிறகும் அவன் எனக்கு நல்லவனாவே இருந்தான். நாம இந்தப் படத்துக்குப் போயிருக்க வேண்டாம் அண்ணே.”