மாட்டு டீச்சருக்குத் தலைவர் தந்த வாக்கு

இந்தத் துக்கத்துக்குத் தலைமை தாங்கும் பேரூராட்சித் தலைவர் கோவிந்தசாமி அவர்களே, அவருக்கு இடப்பக்கம் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் செயல் அலுவலர் அவர்களே, மன்ற உறுப்பினராக இல்லாவிட்டாலும் தலைவரின் மச்சான் என்ற தகுதியில் மேடையில் வீற்றிருக்கும் ஒப்பந்ததாரர் ராஜமாணிக்கம் அவர்களே, சக உறுப்பினர்களே, இடம் போதாமல் வாசலிலும் ஜன்னலிலும் நிற்கும் மாடு வளர்ப்போரே! மூன்றாவது வார்டு உறுப்பினரான என் வணக்கம்.

பன்னிரண்டு மணிக்கு இதே அறையில் மன்றக் கூட்டம் இருக்கிறது, ஆகவே சுருக்கமாக அழும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். கட்டுப்படுகிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் என்ன நடக்கவிருக்கிறது என்பதை வந்திருப்போருக்குச் சொல்ல வேண்டாமா? மாட்டுப்பட்டியை இடித்துவிட்டுக் கடைகள் கட்டத் தீர்மானம் வருகிறது. கட்டப்போகிறவர் ராஜமாணிக்கம். கடைகளுக்குப் பெயர், ‘ஜெயராணி அம்மையார் நினைவு வணிக வளாகம்’. பட்டியைக் காக்கப் போராடியவரின் பெயரை, பட்டியை இடித்த இடத்தில் எழுதப்போகிறோம். நன்றியறிதலுக்கு இதைவிட ஓர் எடுத்துக்காட்டு கடலூர் மாவட்டத்தில் கிடைக்குமா?

தீர்மானம் ஏன் இன்றே வர வேண்டும்? உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு இந்த வாரம் வந்துவிடும். வந்துவிட்டால் புதிய வேலை எதற்கும் தீர்மானம் போட முடியாது. அதனால்தான் மன்றம் கூடும் முன்பே ஜேசிபி எந்திரம் பட்டியின் வாசலுக்கு வந்துவிட்டது. துக்க வீட்டுக்கு முதலில் வந்து கடைசியில் போகும் உறவினரைப் போல நிற்கிறது!

யார் இந்த ஜெயராணி? ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. இரண்டாயிரத்து ஆறில் எட்டாவது வார்டில் சுயேச்சையாக நின்று வென்றவர். சிதம்பரம் சாலையில் திரியும் மாடுகளைப் பிடித்து, உரியவர் வரும்வரை அடைத்துவைக்கும் இடம் நம் பட்டி. நான்கு சுவர், ஒரு கதவு. கூரை கிடையாது. தண்ணீர் கிடையாது. ஒரு சித்திரை மாத வெயிலில் செல்லாயியின் சினைமாடு அங்கே நாக்கு தள்ளிக் கிடந்தது. செல்லாயி ஓடியது கால்நடை மருத்துவரிடம் அல்ல, ஜெயராணியிடம். மாடு பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை.

மறுநாள் மன்றத்தில் எழுந்து தண்ணீர்த் தொட்டி கேட்டார் ஜெயராணி. அதற்கு நிதித் தலைப்பு இல்லை என்றார் அப்போதைய செயல் அலுவலர்.

“மாட்டுக்குத் தாகம் எடுக்கறப்ப தலைப்பு பாத்துத்தான் எடுக்குதா சார்?” என்றார் ஜெயராணி.

அன்றிலிருந்து அவருக்கு மாட்டு டீச்சர் என்று பெயர். வைத்தவர் நம் தலைவர். கேலியாக வைத்தார். இன்று தேரடி முதல் ரயிலடி வரை ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளில் மக்கள் அதே பெயரைத்தான் அச்சடித்திருக்கிறார்கள். தலைவர் ஊருக்குச் செய்த நன்மைகளில் நிலைத்தது இது ஒன்றே!

கூரையை அவரே போட்டார். அவரிடம் படித்தவர்கள் கீற்று கொண்டுவந்தார்கள், கழி கொண்டுவந்தார்கள். தொட்டியை மட்டும் மன்றம்தான் கட்ட வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். அதற்கு மன்றம் என்ன செய்தது? ஒத்திவைத்தது! முதல் முறை தொட்டி விவாதத்துக்கு வந்தபோது வடக்கே எங்கோ ஒரு முன்னாள் அமைச்சர் இறந்துவிட்டார். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஒரு மனுசன் போயிட்டா அன்னிக்கு வேற வேல பாக்கக் கூடாதுங்க. அதான் மரியாத.” கூட்டம் கலைந்தது. அடுத்த முறை தலைவரின் கட்சியில் ஒரு பெரியவர். அதற்கடுத்த முறை திட்டக்குடிப் பக்கம் தலைவரின் ஒன்றுவிட்ட சித்தப்பா. இவர்களில் எவரும் நம் மன்றத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் மூவரும் நம் மாடுகளின் தண்ணீரை நிறுத்தினார்கள்.

“நம்ம ஊரு மாடு தண்ணி குடிக்கணும்னா நாட்டுல ஒருத்தரும் சாகக் கூடாது போலருக்கே!” என்றார் ஜெயராணி. பிறகு கேட்டார்: “ஏன் சேர்மன், நா செத்தாலும் இப்படித்தான் ஒத்திவைப்பீங்களா?”

“ஒங்களுக்கு இல்லாததா டீச்சர்? உறுப்பினருக்கு மரியாத ஜாஸ்தியாவே செய்வோம்!”

மன்றம் சிரித்தது. நான் அதைக் கேட்டேன். இந்த மேடையில் இருப்பவர்களும் கேட்டார்கள். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

கடைசியில் தொட்டி வந்தது. திறப்பு விழாவில் தலைவர் குனியக் கூடாது என்று அவர் மார்பளவு உயரத்துக்குக் கட்டினார் ராஜமாணிக்கம். பெயர் பொறித்த கல்வெட்டு தொட்டியைவிடப் பெரிது. ரிப்பன் வெட்டப்பட்டது, படம் எடுக்கப்பட்டது, மாடுகள் அண்ணாந்து பார்த்தன. பட்டிக் காவலர் ஆண்டிதான் முதலில் வாயைத் திறந்தார்: “சேர்மன், இதுல குடிக்கணும்னா ஒட்டகம்தான் வாங்கியாரணும்.” அன்று முதல் போன வாரம் வரை, அந்தத் தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு மாடுகளுக்கு வைத்தவர்கள் ஆண்டியும் ஜெயராணியும். ஜெயராணிக்கு அறுபத்தாறு வயது.

போன மாதம் இந்த இடிப்புப் பேச்சு வந்தது. பட்டி போனால் பிடிபடும் மாடு அன்றைக்கே ஏலம் போகும், அன்றைக்கே லாரி ஏறும் என்று ஜெயராணி குரல் உயர்த்தினார். தலைவர் சொன்னார்: “டீச்சர் ரொம்பக் கத்துறாங்க. அவுங்களயும் புடிச்சிப் பட்டில அடைங்கப்பா.” மறுபடியும் சிரிப்பு. யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது அவர்கள் குனிந்திருக்கிறார்கள், அதனால் உங்களுக்கும் தெரியும்.

“அடைங்க சேர்மன். ஆனா கூர மேல கைய வெக்காம அடைங்க” என்றார் அவர். மன்றத்தில் அவர் பேசிய கடைசி வாக்கியம் இதுதான்.

போன திங்கட்கிழமை கடலூரில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்துவிட்டுச் சிதம்பரம் பேருந்தில் திரும்பினார். நம் நிறுத்தத்தில் நடத்துநர் தோளைத் தட்டி எழுப்பினார். எழவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். மருத்துவரை நான் மறுக்கவில்லை. அந்த இதயத்தை ஐந்தாண்டு காலம் யார் யார் மிதித்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்!

ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் அனைவரையும் மன்னிப்பதாக ஜெயராணி என்னிடம் சொல்லியிருக்கிறார். தேவாலயத்தில் முழங்காலிட்டு, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மன்னிப்பாராம். பெரிய மனது! எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஆகவே அன்பர்களே, அவர் விட்ட பணியை நான் எடுத்துக்கொள்கிறேன், அவர் வழியில் அல்ல, என் வழியில். வரும் தேர்தலில் நான் என் வார்டில் நிற்கப் போவதில்லை. தலைவர் பதவிக்கு நிற்கிறேன். சிரித்த உறுப்பினர் ஒவ்வொருவரின் வார்டிலும், அந்தச் சிரிப்பை வீடு வீடாகச் சொல்லிக் காட்டப் போகிறேன். வென்ற அன்றே முதல் வேலை, அந்தக் கல்வெட்டைப் பெயர்த்தெடுப்பது. உடைக்க மாட்டேன். நல்ல கருங்கல். எழுத்து மேலே தெரியும்படி தொட்டியின் அடியில் படியாகப் போடுவேன். நம் ஊர்க் கன்றுகள் தலைவரின் பெயர்மீது கால் வைத்து ஏறித் தண்ணீர் குடிக்கும்!

அது பிறகு. இன்றைக்கு ஒரே ஒரு கோரிக்கை. அந்த முன்னாள் அமைச்சருக்குச் செய்த மரியாதையை, சித்தப்பாவுக்குச் செய்த மரியாதையை, ஐந்தாண்டு இந்த நாற்காலியில் அமர்ந்திருந்த ஜெயராணிக்கும் செய்யுங்கள். பன்னிரண்டு மணிக் கூட்டத்தைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவையுங்கள். தலைவரே, வாக்கு நீங்கள் தந்தது!

இப்போது மௌன அஞ்சலி. ஒத்திவைப்பதற்கு ஒப்புகிறவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள். மறுப்பவர்கள், மாட்டு டீச்சருக்கு எழுந்து நிற்கவும் மனமில்லாதவர்களாக, இத்தனை பேர் முன்னால் தாராளமாக உட்கார்ந்திருக்கலாம்.

உறுப்பினர்கள் எழுந்துவிட்டார்கள். செயல் அலுவலர் எழுந்துவிட்டார், நன்றி. தலைவரும் எழுந்துவிட்டார், சொன்ன சொல் தவறாதவர். ராஜமாணிக்கம் அவர்களே, உங்களுக்கு ஓட்டு கிடையாது. இருந்தாலும் எழுந்திருங்கள், மாடு வளர்ப்பவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆண்டி, பட்டிக்குப் போய் அந்த ஜேசிபி டிரைவரிடம் சொல்லிவிடு: இன்றைக்குத் துக்கம், வண்டியைத் திருப்பிக்கொண்டு போகட்டும்.