குண்டு செய்கிற பெண்

எர்ணாவூரில் ஏறிய தாயும் மகளும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். மகள் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாள்.

"ஏம்மே, பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட குண்டு செய்றேன்னு சொல்லிகீறியே, உனுக்கு அறிவு கீதா?" என்றாள் தாய்.

நடத்துநர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"வெடிகுண்டுன்னா சொன்னேன்? எண்ணெய்க் கிணத்துக்குள்ள போட்ற உருண்டைம்மா. அங்க கொழாய்ல வரிசையா கதவு கீது. ஒரு கதவுக்கு ஒரு சைஸ் குண்டு. அது போய் ஒக்காந்தா கதவு தொறந்துக்கும். அது வழியா தண்ணிய அழுத்தி வுட்டு பாறைய ஒடைப்பாங்க."

"எதுவோ ஒண்ணு. பையன் வேலைய வுட சொல்றான். வுட்டாதான் இன்னா?"

"லேத்து மிசின்ல நிக்கறதுக்கு எவ்ளோ பேஜாரு பட்டேன் தெரியுமா? வுட மாட்டேன். வோணும்னா அவன் வுடட்டும்."

தாயின் கைபேசி ஒலித்தது.

"சொல்லுங்க சம்பந்தி" என்று பணிவாக எடுத்தவள், வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குரல் உயர்ந்தது.

"பொம்பள செய்ற வேலையா இதுன்னு கேக்காதீங்க. அவங்கப்பா போனப்புறம் எங்க வூட்ல ஒல கொதிக்கறதே அந்த வேலையாலதான். எம் பொண்ணு அத வுடாது. நீங்க வேற வூட்ல பொண்ணு பாத்துக்கங்க."